குமுளிக் கடைப் பலகை: சொல் ஏன் இடம் மாறுகிறது?

வணக்கம் ஐயா. உங்கள் குமுளி ஏலக்காய்க் கடைப் பலகையில் ‘ஃபுல் ஆஃப் ஃப்ளேவர் கார்டமம்’ என்று எழுதியதை வெளிநாட்டுப் பயணி ஒருவர் திருத்தினார், காரணம் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சொற்களில் குறையில்லை, நிற்கும் இடம்தான் தவறு.

தமிழில் ‘மணம் நிறைந்த ஏலக்காய்’ என்கிறோம். அடை, அதாவது பெயர்ச்சொல்லை விளக்கும் ‘மணம் நிறைந்த’ போன்ற பகுதி, எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தான் வரும். மலையாளத்திலும் அப்படியே. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டிருந்தால் அவரும் உங்கள் கட்சிதான்!

ஆங்கிலத்தின் வழக்கம் வேறு. ‘கிரீன் கார்டமம்’, ‘வெரி கிரீன் கார்டமம்’ இரண்டும் சரி. ‘கிரீன்’ என்ற பெயரடை பெயரை ஒட்டியே நிற்கிறது. ஆனால் ‘ஃபுல்’ என்பதற்குப் பின்னால் ‘ஆஃப் ஃப்ளேவர்’ என்று ஒரு வால் முளைத்துவிட்டது. வால் முளைத்த பெயரடைத் தொடர் பொதுவாகப் பெயருக்குப் பின்னால் போய்விடும்: ‘கார்டமம் ஃபுல் ஆஃப் ஃப்ளேவர்’. விளம்பரக்காரர்கள் நடுவே சிறுகோடுகள் போட்டு, தொடரையே ஒரு சொல்லாக்கி முன்னால் நிறுத்துவதுண்டு. அந்த வித்தை நமக்கு வேண்டாம்.

பலகையில் இடம் குறைவென்றால் ‘ஃப்ளேவர்ஃபுல் கார்டமம்’ என்று எழுதுங்கள். ஒற்றைச் சொல், வால் இல்லை, முன்னாலேயே நிற்கும். பெயின்ட்டும் மிச்சம்.