மியூனிக் ஒலிம்பிக் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். சால்ஸ்பர்க், மியூனிக், நூரன்பெர்க், பெர்லின் என்று வாடகைக் காரில் பயணம். மியூனிக்கில் இருக்கும் பழைய ஒலிம்பிக் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா, விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். முடிந்தால் அரை நாளை ஒரு முழு நாளாக்கிக் கொள்ளுங்கள். காலையில் பூங்கா, மதியத்துக்கு மேல் இங்கோல்ஸ்டாட். அந்த ஊர் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

மியூனிக் 1972 என்றதும் மார்க் ஸ்பிட்ஸ் நீச்சலில் வென்ற 7 தங்கமும், இஸ்ரேலிய அணியினர் கொல்லப்பட்ட கொடுமையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மலேசியர்களான நமக்கு இன்னொன்றும் உண்டு. நம் காற்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அந்த ஒரு முறைதான். 1971-இல் சோல் நகரில் நடந்த தகுதிச் சுற்றில், தென் கொரியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என்று வீழ்த்திவிட்டு வந்த அணி அது. எம். சந்திரன், சோ சின் ஆன், நாமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா என்று ஒவ்வொருவரும் மலை மாதிரி. எங்கள் தாத்தா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அவரும் அவர் கூட்டாளிகளும் பந்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் சந்திரன் பெயர் வராமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

1980-இலும் தகுதி பெற்றோம். மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2–1 என்று வென்ற அந்த ஆட்டத்தையும், கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தையும் இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோ போட்டிகளைப் புறக்கணித்தது. ஆகவே, நம் ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக்கில் ஓடிய திடலை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குத்தான் போக வேண்டும். நீங்களோ எப்படியும் அந்தப் பக்கம் போகிறீர்கள்!

1972 ஆகஸ்ட் 27, தொடக்க விழாவுக்கு மறுநாள். ஒலிம்பிக் அரங்கில் மேற்கு ஜெர்மனியோடு மோதினோம், 0–3 என்று தோற்றோம். பின்னாளில் பெயர்பெற்ற ஊலி ஹோனஸ், ஓட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் எல்லாம் அன்றைய ஜெர்மன் ஒலிம்பிக் அணியில் இருந்தவர்கள். இரண்டு வருடம் கழித்து உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்ததும் இதே அரங்கில்தான். பாயர்ன் மியூனிக் 2005 வரை இங்கேதான் ஆடியது.

அரங்கைவிட அதன் கூரையைப் பார்க்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது. கட்டடக் கலைஞர் குந்தர் பெனிஷ் குழுவின் வடிவமைப்பு. கூரை வேலையில் ஃப்ரை ஓட்டோவின் பங்கு பெரிது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடும்போது கம்பத்தை நட்டுத் துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவார்கள் இல்லையா, அதே தத்துவம். இங்கே துணிக்குப் பதில் எஃகுக் கம்பிவட வலை, அதன்மேல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடுகள். அரங்கில் தொடங்கி உள்ளரங்கம், நீச்சல் குளம் வரை ஏறி இறங்கிப் போகிறது. வெளியே புல்வெளியில் நடந்தால் தடிமனான வடங்கள் கான்கிரீட் அடித்தளத்துக்குள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போகலாம். ஒன்றின்மேல் கை வைத்துப் பாருங்கள், மேலே இருக்கும் அத்தனை பாரமும் அதில் விறைத்து நிற்பது தெரியும். தகடுகளின் இணைப்பில் ஓடும் கறுப்புப் பட்டைகள்தான் கீழிருந்து கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. வெயில் அடித்தால் அந்தக் கட்டங்கள் நிழலாக இருக்கைகள்மேல் விழும்.

அரங்கின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் உயரமாகவே தெரியாது. அது வேண்டுமென்றே செய்தது. 1936-இல் ஹிட்லர் காலத்து பெர்லின் ஒலிம்பிக் அரங்கு கல்லாலும் தூணாலும் மிரட்டும். அதற்கு நேர் எதிராக, இலகுவாக, திறந்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டினார்கள். நீங்கள் பெர்லினும் போவதால் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். பக்கத்தில் இருக்கும் பச்சைக் குன்று போரில் இடிந்த கட்டடங்களின் இடிபாடுகளைக் கொட்டி உருவானது. அதன்மேல் ஏறினால் பூங்கா முழுவதும் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் மலையும் தெரியும்.

நீச்சல் உடைகளை மறக்காமல் காரில் வையுங்கள். ஸ்பிட்ஸ் நீந்திய மண்டபத்தில் கட்டணம் கட்டி யாரும் நீந்தலாம். பிள்ளைகள் அதை விடவே மாட்டார்கள். பூங்காவில் உள்ள ஒலிம்பிக் கோபுரத்திலும் அரங்கிலும் புதுப்பிப்பு வேலைகளுக்காக நீண்ட காலம் மூடும் ஏற்பாடு உண்டு. திறந்திருக்கிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மூடியிருந்தாலும் பூங்காவுக்குள் நடக்கத் தடை இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை.

ஒலிம்பிக் கிராமத்துப் பக்கம் கட்டாயம் போங்கள். 1972 செப்டம்பர் 5 தாக்குதலில் இஸ்ரேலிய அணியினர் 11 பேரும் ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவரும் இறந்தார்கள். 2017-இல் திறந்த நினைவிடத்தில் பன்னிரண்டு பேரின் வாழ்க்கையையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் படத்தையும் நின்று பாருங்கள். விவரம் புரியும் வயதுப் பிள்ளைகள் என்றால் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

அப்புறம் இங்கோல்ஸ்டாட். ஏ9 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 80 கிலோமீட்டர், கேஎல்லிலிருந்து சிரம்பான் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆகஸ்ட் 29 அன்று அங்கே உள்ள ஈஎஸ்வி திடலில்தான் அமெரிக்காவை 3–0 என்று அடித்தோம். அடுத்த ஆட்டத்தில் மொராக்கோவிடம் 0–6 என்று தோற்று வெளியேறினோம், சரி. ஆனாலும் ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியாவின் ஒரே வெற்றி அந்தத் திடலில் கிடைத்தது. அது ரயில்வே தொழிலாளர்களின் விளையாட்டுக் கழகம் வைத்திருந்த திடல். அதைத் தெரிந்துகொண்டபோது தாத்தாவிடம் சொல்ல முடியவில்லையே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. செந்தூலில் அவர் ஆடியதும் ரயில்வே ஆட்களோடுதான்.

சுற்றுலாத் தலம் என்று நினைத்துப் போகாதீர்கள். உள்ளூர்க் கழகங்கள் ஆடும் சாதாரணத் திடல்தான், கதவு பூட்டியிருந்தால் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

கார் விஷயம் சுருக்கமாக: ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், முதல் நாள் ரவுண்டபவுட்டில் கவனம். ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் காருக்கு டோல் கிடையாது, ஆனால் ஆஸ்திரியாவுக்கு ‘விக்னெட்’ என்ற சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும். காரை சால்ஸ்பர்க்கில் எடுத்தால் மியூனிக் நகருக்குள் நுழையத் தேவையான பச்சை ஸ்டிக்கர் (காரின் புகை அளவைக் காட்டும் சுற்றுச்சூழல் வில்லை) கண்ணாடியில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

நூரன்பெர்க் போகும் வழியும் அதே ஏ9 என்பதால் இங்கோல்ஸ்டாட்டுக்காகத் தனியாகச் சுற்ற வேண்டியதில்லை. மியூனிக்கில் அறையைக் காலி செய்துவிட்டு, பூங்காவைப் பார்த்து, இங்கோல்ஸ்டாட்டில் இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு நூரன்பெர்க் போய்ச் சேர்ந்துவிடலாம்.