மனுவில் கையெழுத்துப் போட வாக்காளர் அட்டை எண் எதற்கு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி நான். பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்கும் மனுவில் கையெழுத்திடச் சொல்லி, ஒரு கட்சியின் இணையதள லிங்க் வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர், செல் நம்பர், வாக்காளர் அட்டை எண், ஓடிபி எல்லாம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு வாக்காளர் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, அட்டை எண் எல்லாம் அதில் உண்டு. செல் நம்பர் மட்டும் கிடையாது. நீங்கள் அட்டை எண், செல் நம்பர் இரண்டையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தால், எந்த பூத்தில் ஓட்டுப் போடுகிறீர்கள், உங்களுக்கு என்ன குறை, எந்த நம்பரில் பிடிக்கலாம் என்பது கட்சிக்கு ஒரே வரியில் கிடைத்துவிடும். அப்புறம் உங்களுக்குத் தேயிலை விலை பற்றிய வீடியோ வரும், ஊட்டியில் லாட்ஜ் நடத்துபவருக்கு இ-பாஸ் பற்றிய வீடியோ போகும். தலைவர் படத்தையும் மேடைப் பேச்சையும் விட, கட்சித் தளத்தில் இந்தப் படிவத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

ஓடிபி வந்தால் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள். ‘உறுப்பினர் சேர்க்கை’ என்று இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். லிங்க்கைத் தொடாமல், கட்சித் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போய்ப் பார்ப்பது நல்லது.

சரி, போனதும் முகப்பைக் கவனியுங்கள். வேட்பாளர்கள் மீதுள்ள குற்ற வழக்குகளைக் கட்சிகள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 ஆகஸ்டில் அதைத் திருத்தி, அதற்கான தலைப்பு முகப்பிலேயே இருக்க வேண்டும், வேட்பாளரைத் தேர்வு செய்த 48 மணி நேரத்துக்குள் விவரம் வர வேண்டும் என்றது. வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். உங்கள் குன்னூர் தொகுதி வேட்பாளர் பெயரை அங்கே தேடுங்கள். தேர்தல் ஆணையத் தளத்தில் தன் மீதுள்ள வழக்குகளை அவரே எழுதிக் கொடுத்த படிவம் 26 பிரமாணப் பத்திரம் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலைக்கான மனுவை நேரில் கொடுங்கள். திங்கள்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அந்தக் கூட்டம் நடக்காது, அதற்குள் போய்விடுங்கள். குன்னூர் தேயிலை வாரிய அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலையைவிட ஃபேக்டரியில் குறைத்துக் கொடுத்திருந்தால், அந்த ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணையுங்கள்.