சிறிதளவு பாலிமர் சேர்த்தால் சுண்ணாம்புப் படிகத்தின் வடிவம் மாறுவது ஏன்?

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகளை மணிமாலைபோல் கோத்த நீண்ட சங்கிலி. கடலூரில் போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அந்தத் தண்ணீரில் பாலிஅக்ரிலிக் அமிலம் என்ற பாலிமரைச் சிறிது கலந்தால், சங்கிலி நெடுக உள்ள எதிர்மின் பகுதிகள் படிகத்தின் மேற்பரப்பிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய முகத்தில் வளர்ச்சி தடைபடுகிறது. மெதுவாக வளரும் முகமே கடைசியில் அகன்று நிற்கும் என்பதால் படிகத்தின் வடிவமே மாறுகிறது. பாதி எழுந்த சுவரின் ஒரு பக்கத்தைச் சாக்கால் மூடிவிட்டால், கொத்தனார் மறுபக்கம்தானே செங்கல் அடுக்குவார்?

புதுச்சேரிக் கடற்கரையில் கிடக்கும் சிப்பியும் இதே சுண்ணாம்புதான். அதைச் செதுக்குபவை உயிரி சுரக்கும் புரதச் சங்கிலிகள். எனக்கு இன்றும் தீராத வியப்பு இது.

பாலிமர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை நீக்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கால்சியம் அங்கேயேதான் இருக்கும், அது கெட்டியாக ஒட்டிப் படிவதுதான் தடைபடுகிறது.