60க்கும் 61க்கும் நடுவில் ஓர் ஆசிரியர்: வடசென்னைப் பள்ளிகள் குறித்து கேள்வி பதில்

வடசென்னையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் ஏப்ரல், மே வந்துவிட்டால் போன் ஓயாது. எங்கே சேர்க்கலாம், எதற்கு ஃபீஸ் கட்ட வேண்டும், அந்தப் பள்ளியில் ஏன் ஆளே இல்லை என்று கேட்பார்கள். இந்த முறை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: சார், எங்கள் வீட்டுப் பக்கத்தில் மூன்று பள்ளிகள். ஒன்று கார்ப்பரேஷன் ஸ்கூல், ஒன்று சர்ச் நடத்துவது, ஒன்று மெட்ரிகுலேஷன். பின்னால் சொன்ன இரண்டும் தனியார்தானே? ஒன்றில் ஃபீஸ் இல்லை, இன்னொன்றில் இவ்வளவு கேட்கிறார்களே, ஏன்?

இரண்டுமே தனியார் நிர்வாகம்தான் அம்மா. ஆனால் சர்ச் நடத்துவது அரசு உதவி பெறும் பள்ளி. கட்டடம் நிர்வாகத்துடையது. ஒப்புதல் பெற்ற பணியிடத்தில் இருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். பாடநூல், சீருடை, மதிய உணவு, பிளஸ் ஒன் போனால் சைக்கிள், எல்லாம் அங்கேயும் உண்டு. தமிழ்நாட்டில் இப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. மெட்ரிகுலேஷன் பள்ளி சுயநிதிப் பள்ளி. அங்கே ஆசிரியர் சம்பளத்திலிருந்து சாக்பீஸ் வரைக்கும் நீங்கள் கட்டும் ஃபீஸிலிருந்துதான் வர வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் ஒரே காம்பவுண்டுக்குள் சுயநிதிப் பிரிவும் நடக்கிறது, பெரும்பாலும் இங்கிலீஷ் மீடியம். ஒரே பெயர், ஒரே கேட், ஆனால் அந்தப் பிரிவுக்கு அரசு சம்பளம் கிடையாது. சேர்க்கும் அன்றே "இது எய்டட் செக்‌ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அச்சகத் தொழிலாளி: நான் படித்த எய்டட் பள்ளியில் அப்போது வகுப்புக்கு ஒரு டீச்சர். இப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர். வேண்டுமென்றே குறைக்கிறார்களா?

இதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் தம்பி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மானியம் என்றால் பள்ளிக்கு மொத்தமாக ஒரு பணம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பராமரிப்புக்கு ஒரு சின்னத் தொகை வரும், அவ்வளவுதான். பெரும்பணம் வருவது பணியிடத்துக்கு. பணியிடம் இருப்பதும் போவதும் தலைக்கணக்கைப் பொறுத்தது. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 35 பேருக்கு ஒருவர்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 61 பிள்ளை இருந்தால் மூன்று டீச்சர். அதில் ஒரே ஒரு பிள்ளை டி.சி. வாங்கிவிட்டால் இரண்டு டீச்சர். ஐந்து வகுப்பு, இரண்டு பேர்.

எனக்கே நடந்தது. ஒரு வருடம் ஜூலையில் எங்கள் பள்ளிப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து சில குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டை மூன்று முறை எண்ணினேன். எண்ணிக்கை 60ஐத் தாண்டவில்லை. மூன்றாவது டீச்சர் உபரி ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போனார். கணக்கை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் அவர். அடுத்த ஜூனில் பெற்றோர்கள் வந்து பார்த்தார்கள், ஒரே அறையில் மூன்று வகுப்பு. ஐந்தாறு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. என் பிள்ளையாக இருந்தாலும் நான் யோசித்திருப்பேன். ஆசிரியர் குறைவதால் பிள்ளை குறைகிறது, பிள்ளை குறைவதால் ஆசிரியர் குறைகிறார். சின்னப் பள்ளிக்குத் தலைக்கணக்கை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று ஆக்காதவரை இந்தச் சுழல் நிற்காது. பணியில் இருந்தபோது இதை எழுதிக் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பிள்ளைகள் எல்லாம் எங்கேதான் போனார்கள் ஐயா? எங்கள் ஏரியாவில் கூட்டத்துக்குக் குறைவே இல்லையே.

கூட்டம் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று ஆகிவிட்டது மகளே. தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்து பல வருடமாகிறது. அப்புறம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வடக்கிலிருந்து தெற்கே இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள்.

ஆனால் நான் பெரிய காரணமாக நினைப்பது வேறு, அது எல்.கே.ஜி.தான். எய்டட் பள்ளியில் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் அம்மா வேலைக்குப் போக வேண்டும், விட ஓர் இடம் வேண்டும். தனியார் நர்சரியில் விடுகிறார்கள். இரண்டு வருடம் ரைம்ஸ் சொல்லி, நண்பர்கள் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளையைப் பிடுங்கி ஒன்றாம் வகுப்புக்கு வேறு இடத்தில் யார் போடுவார்கள்? மாநகராட்சிப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்த பிறகு அங்கே சேர்க்கை தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொரோனா சமயத்தில் வேலை போன குடும்பங்கள் நிறையப் பேர் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்கவில்லை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு சுயநிதிப் பள்ளி ஆசிரியர்: எங்கள் பள்ளியில் படிப்பவர்களும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள்தான். எங்களுக்கும் மானியம் கேட்டால் என்ன?

கேட்பதில் தப்பில்லை சார். ஆனால் 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிக்கோ, புதிதாகத் திறந்த வகுப்புக்கோ மானியம் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதனால்தான் உதவி பெறும் பள்ளிகள் எல்லாம் பழைய பள்ளிகளாக ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் இருக்கின்றன. பிறகு குடியிருப்பு பெருகிய கொடுங்கையூர், மாதவரம் பக்கம் அதிகமும் சுயநிதிதான். பிள்ளைகள் போன இடத்துக்கு மானியம் போகவில்லை. உங்களைப் போன்ற ஆசிரியர்கள் குறைந்த சம்பளத்தில் உழைப்பதற்கும் இது ஒரு காரணம்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர்: 25 சதவீத இலவச இடம் என்கிறார்களே, எனக்குக் கிடைக்குமா? 2025ல் விண்ணப்பமே திறக்கவில்லை, என்ன ஆயிற்று?

கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையல்லாத சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில், அதாவது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில், 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு முன்னுரிமை. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள். மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். கிடைத்தால் எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, அந்தப் பள்ளியின் ஃபீஸ், இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும்.

2025ல் நடந்தது பணத் தகராறு. இந்த 25 சதவீத இடத்துக்கான பணமும் சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. அதில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்ற பங்கு. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாததால் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் வரவில்லை. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைப் பணத்தை அந்தத் தகராறோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில்தான் பணம் வந்து, சேர்க்கை நடந்தது. அதற்குள் பிள்ளைகள் பாதி வருடம் படித்து முடித்திருந்தார்கள். கொள்கைச் சண்டை நியாயமாகவே இருக்கட்டும். மூன்று வயதுப் பிள்ளையின் எல்.கே.ஜி. இடத்தை வைத்தா சண்டை போடுவது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறப்புச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் மார்ச் மாதமே எடுத்து வைத்துவிடுங்கள்.

சவுகார்பேட்டையிலிருந்து: பக்கத்துப் பள்ளியில் 25 சதவீதம் தங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

சிறுபான்மைப் பள்ளியாக இருந்தால் உண்மைதான். அரசியல் சட்டம் 30ஆவது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2012லும் 2014லும் விலக்கு கொடுத்தது. மதச் சிறுபான்மை, மொழிச் சிறுபான்மை இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய.

மணலியிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்: ஃபீஸ் பாக்கி இருக்கிறது. டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள். கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்க்க முடியாமல் பையன் வீட்டில் இருக்கிறான்.

முதலில் பையனை நாளைக்கே பள்ளிக்கு அழைத்துப் போங்கள் அண்ணே. டி.சி. இல்லை, தாமதம் என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி இருக்கிறது என்று எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாக்கி உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் உள்ள விஷயம், தவணை கேட்டுப் பேசுங்கள். பையன் ஒரு நாளும் வீட்டில் இருக்கக் கூடாது.

கொடுங்கையூரிலிருந்து ஒரு தந்தை: மகள் டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். எய்டட் பள்ளியில் படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா?

இல்லை. 2020ல் வந்த அந்தச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தாலும் தகுதி உண்டு. எய்டட் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டு நிலைமை தெரிந்தவன் என்பதால் இந்தக் கோடு எனக்கு வலிக்கும். மற்ற திட்டங்களில் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இப்போது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. காலை உணவும் 2025 ஆகஸ்ட் 26 முதல் நகரத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

திருவொற்றியூரிலிருந்து: என் தங்கை மெல்போர்னில் இருக்கிறாள். அங்கே தனியார் பள்ளிக்கும் அரசு பணம் தருகிறதாமே?

தருகிறது. ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க இவ்வளவு ஆகும் என்று ஓர் அடிப்படைத் தொகை வைத்திருக்கிறார்கள். தனியார் பள்ளியாக இருந்தால் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து அதில் குறைத்துக் கொடுக்கிறார்கள். வசதியானவர்கள் படிக்கும் பள்ளிக்குக் குறைவு. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் அரசு அல்லாத பள்ளிகளில்தான். இங்கிலாந்து நேர் எதிர், 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளி ஃபீஸ் மேல் 20 சதவீத வரி. ஆஸ்திரேலியாவிலும் இதில் ஓயாத வாதம் உண்டு. ஆனாலும் ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் பணம் என்ற அந்த எண்ணம் நமக்கும் வேண்டும். நாம் தலையை மட்டும் எண்ணுகிறோம்.

காசிமேட்டிலிருந்து ஒரு முன்னாள் மாணவர்: எங்கள் பழைய தொடக்கப் பள்ளியில் இப்போது 57 பேராம். மூன்றாவது டீச்சரைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா சார்?

இருக்கிறது. நான்கு பிள்ளைகள் போதும். ஆகஸ்ட் 1க்குள் சேர வேண்டும். உங்கள் அங்கன்வாடி ஊழியருக்கு ஐந்து வயது முடிந்த பிள்ளைகள் யார் யார் என்று தெரியும். தலைமை ஆசிரியரை அழைத்துக்கொண்டு முதலில் அவரிடம் போங்கள். பிறகு வீடு வீடாக. ஜூலை வரை காத்திருக்காதீர்கள், அதற்குள் எல்லோரும் எங்கேயாவது ஃபீஸ் கட்டியிருப்பார்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் உட்கார்ந்து பேசலாம். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.