மகள் வரலாறு கேட்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

சென்ற வாரம் புறப்படும்போது வாசலில் நின்று, "உயிரியல் பிரிவில் படிக்க வைத்தது கடைசியில் பி.ஏ. வரலாற்றுக்கா?" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் உடைந்திருந்தது. நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா? பாட்டியின் கையில் இருக்கும் அம்மை குத்திய வடுவைப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். ஓரத்தில் பொடி எழுத்தில், "அம்மை குத்த வந்தபோது பாட்டி வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஏன்?" என்று எழுதி, "ஏன்" என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாள். தடுப்பூசி உடலில் என்ன செய்கிறது என்பதை மருத்துவக் கல்லூரி சொல்லித்தரும். ஒரு சிறுமி ஏன் ஒளிந்தாள், மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய தெருவில் சுகாதார ஊழியர் என்ன சொல்லிக் கதவைத் தட்டினார் என்பதற்கு வரலாறும் மானுடவியலும் பொதுச் சுகாதாரமும் சேர்ந்து படித்தாக வேண்டும். அவள் கேட்பது அந்தப் படிப்பைத்தான்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்றும் கேட்டீர்கள். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அந்நாளில் காசம் என்றால் சானடோரியம்தான், அதாவது நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் மருத்துவமனை: நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. படுக்கைகளோ போதவில்லை. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தை வீட்டில் வைத்தே கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஓராண்டு கழித்துப் பார்த்தால், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகின் பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு விஷயம். சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்தார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க. கையில் மருந்து இருந்தும் மனிதர் ஏன் விழுங்காமல் விடுகிறார்? உங்கள் மகளின் "ஏன்" இதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி.

இனிப் பணக் கணக்கு. இளங்கலை 3 ஆண்டு, முதுகலை 2 ஆண்டு, முனைவர் பட்டம் குறைந்தது நான்கைந்து ஆண்டு. நிலையான சம்பளம் வர வயது இருபத்தெட்டு ஆகலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வுக்கும் தகுதி பார்க்கும் தேசியத் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெற்றால் ஆய்வுக் காலத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உண்டு. ஆனால் அது எளிதில் கிடைப்பதில்லை. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். கலைப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்ளும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகள் சில இடங்களில் இருக்கின்றன. அந்த வழியில் போனால் கள ஆய்வு, சுகாதாரத் திட்டங்கள் என்று வேலைக்குச் சற்று முன்னதாகவே போகலாம். தகுதி விதிகளை மட்டும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபாருங்கள். வீட்டில் கடன் சுமை இருந்தால் நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் புள்ளியியலை அவள் விடக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விருப்பப் பாடமாகப் புள்ளியியல் எடுக்க இடம் தரும் கல்லூரியாகப் பாருங்கள். கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பிறகு பார்க்கலாம். உயிரியல் படித்தது வீண் என்று வருந்தாதீர்கள். கிருமி பற்றித் தெரிந்த வரலாற்று மாணவிகள் குறைவு. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணக் காலத்துச் சுகாதாரக் கோப்புகள் உண்டு. பின்னாளில் அவற்றை அவள் பிரிக்கும்போது அந்த இரண்டு ஆண்டுப் பாடம் கைகொடுக்கும்.

சேர்க்கைக்குப் போகும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். துறைத் தலைவரிடம் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அதைக் காட்டட்டும்.