லேவருக்குப் பேராசையா?

அன்புள்ள அக்கா,

நான் கோத்தகிரி பக்கம், காலேஜ் செகண்ட் இயர். டென்னிஸ்ல ஆஸ்திரேலியா, பிரெஞ்சு, விம்பிள்டன், யு.எஸ். நாலு போட்டியையும் ஒரே வருஷத்துல சிங்கிள்ஸ்ல ஜெயிச்சவங்க அஞ்சே பேர்தான். 1938ல டான் பட்ஜ், 1953ல மோரீன் கானலி, 1962லயும் 1969லயும் ராட் லேவர், 1970ல மார்கரெட் கோர்ட், 1988ல ஸ்டெஃபி கிராஃப். 2021ல ஜோகோவிச் கடைசி மேட்ச் வரைக்கும் வந்து மெத்வதேவ்கிட்ட தோத்துட்டாரு. இதுல யாரு பெரிய ஆளு, இனிமே யாராவது ஜெயிப்பாங்களா? லேவர் நடுவுல பணத்துக்கு பேராசைப்பட்டு புரொஃபஷனலா போயி அஞ்சு வருஷத்தை வீணாக்கிட்டாருன்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

தம்பி,

போன மாசம் குன்னூர் பக்கத்து வெலிங்டன்ல ஒரு பெரியவர் தவறிட்டாரு. கிளப்புல மார்க்கரா, அதாவது டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கிட்டு மெம்பருங்களோட ஆடற சம்பள ஆளா இருந்தவரு, எங்கப்பாவோட கூட்டாளி. சாவுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து எனக்கு டென்னிஸ் நெனப்பாவே இருக்கு, அந்த நேரம் பார்த்து உங்க லெட்டர் வருது, அதுல பேராசைன்னு ஒரு வார்த்தை. சுருக்குன்னுச்சு.

மத்ததை சீக்கிரம் முடிச்சுடறேன். யாரு பெரிய ஆளுங்கறதை ஃப்ரெண்ட்ஸோட டீ குடிக்கும்போது பேசிக்கோங்க. நீங்க சொன்ன அஞ்சு பேர்ல புல்லு, களிமண்ணு, ஹார்ட் கோர்ட் மூணுலயும் ஆடி நாலையும் வாங்கினது ஸ்டெஃபி மட்டும்தான், அதே வருஷம் சியோல்ல ஒலிம்பிக் தங்கமும் வாங்கினாங்க. கானலிப் பொண்ணுக்கு அப்ப 18 வயசு, நாலு போட்டியிலயும் சேர்த்து ஒரே ஒரு செட்டுதான் விட்டுச்சு. அடுத்த வருஷமே குதிரையில போறப்ப லாரி மோதி காலு முறிஞ்சுச்சு, 19 வயசுல ஆட்டமே முடிஞ்சுடுச்சு, 34 வயசுல ஆளும் போயிடுச்சு. அதை நெனச்சா இன்னைக்கும் மனசு கேக்க மாட்டேங்குது.

அப்புறம் அஞ்சே பேர்னு எப்படி எழுதினீங்க? வீல்சேர்ல ஆடுற டீடே டி க்ரூட் 2021, 2022, 2023னு வரிசையா மூணு வருஷம் நாலையும் சிங்கிள்ஸ்ல ஜெயிச்சிருக்காங்க. 2021ல டோக்கியோ பாராலிம்பிக் தங்கமும் சேர்த்து. அதே 2021ல அதே மாதிரி டிலன் ஆல்காட்டும். அதுவும் அதே விம்பிள்டன், அதே நியூயார்க்தான் தம்பி. படிக்கிற புள்ள, லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி நல்லா தேடிட்டுப் போடணும்.

இப்ப லேவருக்கு வரேன்.

1968 ஏப்ரல் வரைக்கும் இந்த நாலு போட்டியிலயும் அமெச்சூருக்கு மட்டும்தான் இடம். ஆடறதுக்கு வெளிப்படையா காசு வாங்கிட்டா புரொஃபஷனல், உள்ள விடமாட்டாங்க. அதே காசை செலவுக்குன்னு சொல்லி மேசைக்கு அடியில வாங்கிக்கிட்டா அமெச்சூர், தாராளமா வரலாம். இது அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. லேவர் குயின்ஸ்லாந்துல மாட்டுப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன். விம்பிள்டன் ஜெயிச்சதுக்கு அவருக்குக் கெடச்சது 10 பவுண்டு கூப்பனும் ஒரு கைகுலுக்கலும். ஒரு மனுஷன் தனக்குத் தெரிஞ்ச தொழிலுக்கு கூலி கேட்டா அது பேராசையா? கூலி கேட்டவனை வெளிய நிறுத்தினவங்களுக்கு நீங்க ஒரு பேரும் வைக்கலையே!

அவரு சும்மா போய் உக்காந்துக்கவும் இல்ல. அந்தக் காலத்துப் பெரிய பிளேயருங்க ரோஸ்வால், லூ ஹோட், கொன்சாலஸ் எல்லாம் அவருக்கு முன்னாடியே புரொஃபஷனலா போயிட்டாங்க. நாலையும் ஜெயிச்ச கையோட 1963 ஜனவரியில அங்க போன லேவர் ஹோட்டுகிட்டயும் ரோஸ்வாலுகிட்டயும் வரிசையா தோத்தாரு. அப்படின்னா 1962 போட்டிகள்ல யாரு இல்லாம இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பட்ஜ் ஜெயிச்ச 1938லயும் இதே கதை, பெர்ரியும் வைன்ஸும் புரொஃபஷனல், ஜெர்மனிக்காரர் ஃபான் கிராம் மார்ச்சுலேர்ந்து நாஜி ஜெயில்ல. ஜெயிச்சவங்க திறமைய நான் குறைச்சு சொல்லல, ஆனா சம்பளக்காரனை கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டு வெச்ச போட்டி அது, அவ்வளவுதான்.

நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1959 டேவிஸ் கோப்பையில இதே லேவரை தோற்கடிச்சவரு, 1961 விம்பிள்டன் அரையிறுதியில அவருகிட்டயே தோத்தவரு. புரொஃபஷனல் ஆட்டங்களை நடத்தின ஜாக் கிரேமர் புரொஃபஷனலா வரச்சொல்லி கூப்பிட்டும் அவரு போகல. அதுல எனக்கு மரியாதைதான். ஆனா வேணாம்னு சொல்ற வசதி எல்லாருக்கும் வாய்க்காது.

எங்கப்பாவுக்கு வாய்க்கல. அவரும் ஊட்டியில ஒரு கிளப்புல மார்க்கர். கோர்ட்டுக்கு தண்ணி தெளிக்கிறது, ரோலர் இழுக்கறது, சுண்ணாம்புக் கோடு போடறது, ஆள் வராத மெம்பருக்கு எதிர்ல நின்னு ஆடறது, எல்லாம் அவரு வேலை. ஜனவரி காலையில உறைபனி மண்ணைத் தூக்கி விட்டுடும், அப்ப ரோலர் இழுத்தா மண்ணு அப்பளம் மாதிரி ரோலரோட உரிஞ்சு வந்துடும்னு வெயில் ஏறுற வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு கைய வெச்சுப் பார்த்துட்டே இருப்பாரு. மெம்பரோட ஆடும்போது பந்து அவங்க கைக்கு வாட்டமா போகணும், அதான் மார்க்கரோட தொழில். ஒரு ஸ்டெப் தள்ளிப் போட்டாக்கூட மூஞ்சி சுருங்கிடும் அவங்களுக்கு.

அப்பா நெஜமா ஆடறதை கிளப் லீவு நாள்லதான் பார்க்க முடியும். வெலிங்டன்லேர்ந்து அந்தப் பெரியவர் பஸ் ஏறி வருவாரு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, காத்து மெலிசு, பந்து பறக்கும். பிளெய்ன்ஸ்லேர்ந்து சீசனுக்கு வர்ற நல்ல பிளேயருங்களே மொத ரெண்டு நாளு எல்லாத்தையும் பேஸ்லைனுக்கு வெளியதான் அடிப்பாங்க, இவங்க ரெண்டு பேரும் அந்தப் பறக்குற பந்தை வெட்டி வெட்டி நெட்டுக்கு ஒரு சாண் மேல அனுப்பி ஈரமண்ணுல வழுக்க விடுவாங்க, மத்தவரு ஓடி வந்து முட்டி தரையில படற அளவுக்கு குனிஞ்சு எடுப்பாரு. பாயிண்ட் எண்ணறதெல்லாம் கிடையாது. மஞ்சு எறங்கி எதிர் பேஸ்லைன் மறைஞ்சாலும் பந்து சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்கும்.

ஒரு மே மாசம் சீசனுக்கு ஓபன் டோர்னமென்ட்டுனு நோட்டீஸ் ஒட்டினாங்க. அப்பா பேர் குடுத்தாரு. மார்க்கர் சம்பளத்துக்கு ஆடறவன், புரொஃபஷனல், சேர்த்துக்க முடியாதுன்னுட்டாங்க. விம்பிள்டன்லயே புரொஃபஷனலை உள்ள விட்டு எத்தனையோ வருஷம் ஆனப்புறம் நடந்தது இது! டோர்னமென்ட்டுக்கு நெட் கட்டினது, கோடு போட்டது எல்லாம் அப்பாதான், கப்பு வாங்கின பையனுக்கு பேக்ஹேண்ட் சொல்லிக்குடுத்ததும் அப்பாதான். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல, ஷூவுல ஒட்டின மண்ணைக் குச்சியால நோண்டிட்டு இருந்தாரு. எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரல.

அதனாலதான் சொல்றேன், 1962ஐயும் 1969ஐயும் ஒண்ணா வைக்காதீங்க. 1969ல வரக்கூடாதுன்னு யாரையும் தடுக்கல, அமெச்சூர், புரொஃபஷனல் எல்லாருக்கும் இடம் இருந்துச்சு. ஆஸ்திரேலியப் போட்டியில, பிரிஸ்பேன் வெயில்ல டோனி ரோச்சோட அரையிறுதி, ஒரு செட்டு மட்டும் 22-20. விம்பிள்டன் ரெண்டாவது ரவுண்டுல நம்ம கல்கத்தா பிரேம்ஜித் லால் மொத ரெண்டு செட்டையும் எடுத்துட்டாரு, 6-3, 6-4. இன்னும் ஒரு செட்டு போயிருந்தா லேவரோட அந்த வருஷக் கதை அங்கயே முடிஞ்சிருக்கும். அடுத்த மூணு செட்டு 6-3, 6-0, 6-0னு லேவர் எடுத்தாரு. நியூயார்க் ஃபைனல் அன்னைக்கு மழை, புல்லைக் காய வைக்க ஹெலிகாப்டரைப் பறக்க விட்டாங்க. வழுக்குற புல்லுல மொத செட்டை 7-9னு ரோச்சுகிட்ட விட்டுட்டு, ஆணி வெச்ச ஷூவை மாட்டிக்கிட்டு வந்து 6-1, 6-2, 6-2. அந்த 31 வயசு ஆளுக்கு அன்னைக்குப் பரிசு 16,000 டாலர், பகிரங்கமா, செக்கா.

ஜோகோவிச் பத்தி இன்னொரு நாள் எழுதறேன். குன்னூர், வெலிங்டன் பக்கம் பழைய மார்க்கருங்க சில பேர் இன்னும் இருக்காங்க, கோத்தகிரிலேர்ந்து பஸ்ஸுல வந்துடலாம். வந்து பாருங்க, எப்படி ஆடினாங்கன்னு கேளுங்க, சந்தோஷமா பேசுவாங்க. அந்த வார்த்தையை மட்டும் அவங்க முன்னாடி சொல்லிடாதீங்க.

அன்புடன்,
அக்கா