ஹார்ட் ராக் பாடல் ஏன் மறப்பதில்லை? – கேள்வி பதில்

ஹார்ட் ராக் எனும் கனத்த கிட்டார் இசை பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குக் காரைக்குடி செக்காலைப் பகுதியில் கிட்டார் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுதிய பதில்கள்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: ஐயா, எத்தனையோ ராக் பாடல்களைக் கேட்டு மறந்துவிட்டேன். டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ மட்டும் முதல் முறையிலேயே மனப்பாடமாகிவிட்டது. காரணம் என்ன?

காரணம் அதன் ரிஃப், அதாவது பாடல் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறிய கிட்டார் வரி. ‘ச க ம’ என்று ஏறி நிற்கிறது. மீண்டும் ‘ச க’ என்று ஏறி, பிரதி மத்யமத்தை (‘ம’வின் உயர்ந்த வடிவம்) ஒரு கணம் தொட்டுவிட்டுச் சுத்த மத்யமத்துக்கு (அதன் தாழ்ந்த வடிவம்) இறங்குகிறது. மூன்றாம் முறை ‘ச க ம’ ஏறி ‘க ச’ என்று முடிகிறது. நான்கே ஸ்வரங்கள்தான். முதல் இரண்டு முறையும் சட்ஜமத்துக்கு, அதாவது ‘ச’வுக்கு, திரும்பாமல் நம்மைக் காக்க வைப்பதால், மூன்றாம் முறை அது வந்து சேரும்போது காது நிறைவடைகிறது. கிட்டார் மட்டும் முதலில் தனியாக ஒலிக்க, மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதையும் கவனியுங்கள். பாடகர் வாய் திறப்பதற்குள் ரிஃப் உங்களுக்குப் பாடமாகிவிடுகிறது. வரிகளும் நேரில் கண்டதைச் சொல்பவை. 1971 டிசம்பரில், ஒலிப்பதிவுக்காக ஸ்விட்சர்லாந்தின் மோந்த்ரோ நகருக்குச் சென்றிருந்த அக்குழுவினர், அங்கிருந்த கேசினோ தீப்பற்றி எரிந்து ஏரியின் மேல் புகை பரவியதைப் பார்த்தார்கள்; அதையே அலங்காரமின்றி எழுதிவிட்டார்கள்.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: என் பேரன் கேட்பதெல்லாம் எனக்கு வெறும் இரைச்சலாகவே படுகிறது. தெரிந்தேதான் அப்படி வாசிக்கிறார்களா?

ஆம் ஆச்சி, தெரிந்தேதான். ஆம்ப்ளிஃபையரை அதன் தாங்குதிறனுக்கு மேல் திறந்துவிட்டால் ஒலியலையின் முகடுகள் நறுக்கப்பட்டு, மூல ஸ்வரத்தில் இல்லாத பல மேலொலிகள் பிறக்கின்றன. அந்த நிலையில் காந்தாரத்தையும் (‘க’) சேர்த்து மீட்டினால் ஒலி கலங்கிவிடும் என்பதால், சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள். அதற்குப் பவர் கார்டு என்று பெயர். கச்சேரியில் தம்புரா ஓயாமல் ஒலிக்கும் அதே ச-ப இணைதான் என்று எண்ணிக் கேளுங்கள், இரைச்சலுக்கு அடியில் இருக்கும் சுருதி பிடிபடும். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகட்டுப் பட்டறை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அழுத்த எளிதாக இருக்க வேண்டுமென்று மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971 இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் பல பாடல்களில் சுருதியையும் இறக்கித் தளர்த்தினார். அந்தக் கனத்த ஒலியைத்தான் பின்னால் வந்தவர்கள் பின்பற்றினார்கள். பிடிக்காவிட்டால் பேரனிடம் ஒலியளவைக் குறைக்கச் சொல்வதில் தவறே இல்லை.

கானாடுகாத்தான், டிரம்ஸ் வாசிப்பவர்: எங்கள் பழைய வீட்டில் டிரம்ஸ் அடித்தால் ஒலி எதிரொலித்துப் பெருகுகிறது. அங்கேயே பதிவு செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். லெட் செப்பலின் குழுவின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ (1971) அப்படிப் பதிவானதுதான். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், படிக்கட்டின் அடியிலிருந்த கூடத்தில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹமை வாசிக்கச் செய்து, மைக்குகளை மேல்தளத்திலிருந்து தொங்கவிட்டார்கள். வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்ட உங்கள் வீடு ஒலியை இன்னும் நன்றாகவே திருப்பி அனுப்பும். வானம் பார்த்த வளவில் ஒலி மேலே போய்விடுமாதலால், கூரையுள்ள போஜன ஹாலைத் தேர்ந்தெடுத்து, மைக்கைத் தள்ளி உயரத்தில் வையுங்கள். பான்ஹம் நிதானமான காலப்பிரமாணத்தில், அடிக்கும் அடிக்கும் இடையே இடம் விட்டு வாசித்தார். அந்த இடைவெளியை எதிரொலி நிரப்பியது. நீங்கள் விரைவாக உருட்டினால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவும் விளங்காது.

கோட்டையூரிலிருந்து ஒருவர்: நீண்ட கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) இல்லாமல் நல்ல ஹார்ட் ராக் பாடல் உண்டா?

உண்டு. குவீன் குழுவின் ‘வி வில் ராக் யூ’ (1977) இரண்டு காலடியும் ஒரு கைதட்டுமாகவே நடக்கிறது; கிட்டார் கடைசியில்தான் முழுமையாக வருகிறது. என் கணிப்பில், வாயால் முனக முடியாத சோலோ எவ்வளவு வேகமாக இருந்தாலும் வீண்.

காரைக்குடி, வீணை மாணவி: ஐயா, இவற்றை வீணையில் வாசிக்க முடியுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

நன்றாகவே முடியும், அம்மா. ராக் கிட்டாரில் மிகுதியாகப் புழங்கும் ஐந்து ஸ்வரங்கள் நம் சுத்த தன்யாசி ராகத்தின் ‘ச க ம ப நி’ தான். இடையில் பிரதி மத்யமத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை உயர்த்துவது உங்கள் கைக்குப் புதிதல்ல. கிரீம் குழுவின் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ (1967) ரிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் சட்ஜமத்தில் ‘ச ச நி ச’, பிறகு பஞ்சமத்திலிருந்து இரண்டு மத்யமங்கள் வழியாக இறங்கி, கீழ்ச் சட்ஜமத்தில் ‘ச க ச’. அந்தக் காந்தாரத்தை மட்டும் லேசாக அசையுங்கள். மற்ற ஸ்வரங்களில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) வேண்டாம், சேர்த்தால் ரிஃபின் முறுக்கு தளர்ந்துவிடும்.